வெயில் பார்க்கிற வேலை

பங்குனி பிறந்ததும் வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை பானை வாங்கப் போவேன். இருபது வருஷத்துக்கு மேலாக இது தவறியதில்லை. மதுரையில் அழகர்கோவில் ரோட்டில், எங்கள் புதூரைத் தாண்டியதும், ஓரமாக வைக்கோலைப் பரப்பி மானாமதுரைப் பானைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார்.

"மொகத்தப் பாத்து வாங்காதத்தா, சத்தத்தக் கேட்டு வாங்கு" என்பார் ஒவ்வொரு வருஷமும்.

விரல் கணுவால் தட்ட வேண்டும். கணீரென்று எழுந்து மெல்ல அடங்கினால் நல்ல பானை. கடம் செய்கிற ஊர் மண் அல்லவா, நல்ல பானை பாடும். 'டொக்'கென்று மந்தமாகக் கேட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். இந்த வருஷம் ஏழு பானை தட்டி எட்டாவதை எடுத்தேன். அந்த அம்மாவும் சலிக்காமல் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

புதுப் பானையை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பெரிய அண்டாவில் முக்கி வைப்பேன். அந்த நேரத்தில் பக்கத்திலேயே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். பானையின் மேனி முழுக்கக் குண்டூசித் தலை அளவில் குமிழ்கள் முளைக்கும். ஒன்றிரண்டாக விட்டு மேலே வரும். காதைக் கிட்டக் கொண்டுபோனால் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். மண்ணுக்குள் இருக்கிற நுண்துளைகளில் இருந்து காற்று வெளியேறி, அந்த இடத்தில் தண்ணீர் போய் உட்காருகிற சத்தம் அது. அரைமணி நேரம் பானை பெருமூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். பிறகு நிறம் மாறி, செங்காவி ஆழ்ந்த சிவப்பாகிவிடும்.

இரண்டு நாள் தண்ணீரை மாற்றி ஊற்றிவிட்டு மூன்றாம் நாள் குடிக்க ஆரம்பிப்போம். சமையலறை மூலையில் பழைய தாம்பாளத்தில் ஆற்று மணலைக் கொட்டி, அதன் மேல் பானை. மணலில் ஒரு கைப்பிடி வெந்தயத்தைத் தூவி விடுவேன். பானையில் இருந்து கசிகிற ஈரம் போதும், நாலாவது நாள் பச்சையாகக் கிளம்பிவிடும். பானையைச் சுற்றி ஒரு குட்டி வயல். பத்து நாள் கழித்துக் கிள்ளிப் பருப்பில் போடலாம். உள்ளே ஒரு கட்டு வெட்டிவேர். எங்கள் அப்பத்தா மேலூர்ப் பக்கம் கிராமத்தில் இருந்தபோது பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசுவார். கண்மாய்த் தண்ணீரில் கலங்கல் எல்லாம் அடியில் தங்கி மேலே கண்ணாடியாகத் தெளிந்து நிற்கும்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறேன். அதனால் எதையும் அளந்து பார்க்காமல் இருக்க முடியாது. போன மே மாதம் ஒரு மதியம், எவர்சில்வர் குடத்துத் தண்ணீரிலும் பானைத் தண்ணீரிலும் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். குடத்தில் 34 டிகிரி. பானையில் 27. கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை. பானையின் மேல் கசிகிற ஒவ்வொரு கிராம் தண்ணீரும் ஆவியாகிப் போகச் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். அதை எங்கிருந்து எடுக்கும்? உள்ளே இருக்கிற தண்ணீரிடம் இருந்துதான். வெளியே காற்று எவ்வளவு காய்ந்து கிடக்கிறதோ அவ்வளவு வேகமாக ஆவியாகும், அவ்வளவு குளிரும்.

தம்பி குடும்பம் சென்னையில் இருக்கிறது. அவன் பிள்ளைகள் இரண்டு பேரும் மே மாதம் இங்கே வந்துவிடுவார்கள். பையனுக்குப் பதினொன்று, பெண்ணுக்கு எட்டு. அந்தச் சின்னவள்தான் கேட்டாள்: "எங்க வீட்லயும் பானை வச்சிருக்கோம் அத்தை. இம்புட்டுக் குளிரலையே, ஏன்?"

"உங்க ஊர்க் காத்துல ஏற்கனவே கடல் தண்ணி நெறஞ்சு கெடக்குடா. அது இன்னும் குடிக்க மாட்டேங்குது. எங்க ஊர்க் காத்துக்குத் தாகம் ஜாஸ்தி" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ஒரு சொம்பு மொண்டு குடித்துவிட்டு, "அப்ப வெயில்தான் இதைக் குளிர வைக்குதா?" என்றாள்.

அவள் கேட்ட அந்த ஒரு கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வெயிலைப் பற்றி நல்லதாக யாரும் பேசுவதில்லை. மார்ச் கடைசியிலேயே செய்தியில் டிகிரி சொல்லிப் பயமுறுத்த ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் இந்த ஊரிலேயே பிறந்து ஐம்பத்திரண்டு வருஷம் இந்த வெயிலில் இருந்தவள். கோடையில் எனக்குச் சுகமாக இருக்கிற ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்தால், எல்லாவற்றையும் வெயில்தான் செய்து கொடுத்திருக்கிறது. பானைத் தண்ணீர் ஒன்று. இன்னும் நிறைய இருக்கிறது.

ஏப்ரல் நடுவில், 15, 16 தேதி வாக்கில், மதுரைக்கு நேர் உச்சியில் சூரியன் வரும். ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை வரும், ஆனால் அப்போது மேகம் மறைத்துவிடும் என்பதால் ஏப்ரல்தான் நம்பிக்கையானது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். பன்னிரண்டு மணிக்கே வட்டமாக நின்றுவிடுவார்கள். கொடிக்கம்பத்தின் நிழல் ஒரு சாண், அரைச் சாண், நாலு விரல் என்று உள்வாங்கிக்கொண்டே வரும். நமக்குக் கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கிறபோது உண்மையான உச்சிப்பொழுது இல்லை. இந்தியா முழுதுக்குமான நேரத்தை நமக்குக் கிழக்கே இருக்கிற ஒரு தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுவதால், மதுரையில் உச்சிப்பொழுது வர இன்னும் பதினேழு நிமிஷம் ஆகும். பன்னிரண்டு பதினேழுக்கு, கம்பத்துக்கு நிழலே கிடையாது. ஒரு பையன் தன் சாப்பாட்டுத் தூக்குவாளியைத் தரையில் வைத்து, "மிஸ், இதுக்கும் இல்ல!" என்று கத்தினான். எல்லாரும் கையில் இருந்ததை எல்லாம் கீழே வைத்துப் பார்த்தார்கள். அளவுகோல், தண்ணீர் பாட்டில், செருப்பு. ஒன்றுக்கும் நிழல் இல்லை. தன் நிழல் தன் காலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டதைப் பார்க்க ஒரு பெண் ஒற்றைக்காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். இரண்டு மூன்று நிமிஷம்தான். வருஷம் முழுக்க நான் எடுக்கிற பாடங்களில் அவர்கள் வீட்டில் போய்ச் சொல்வது இதைத்தான்.

இனி வத்தல். இதில் நான் வெறும் எடுபிடி. அம்மாதான் எல்லாம். எழுபத்தாறு வயதாகிறது.

முந்தின நாள் ராத்திரியே அரிசியை ஊறவைத்து அரைத்துவிடுவோம். விடிகாலை நாலரைக்கு அம்மா அடுப்பைப் பற்ற வைத்துவிடுவார். உலைத் தண்ணீரில் உப்பு, பச்சை மிளகாய் அரைத்தது, பெருங்காயம், சீரகம். மாவை ஊற்றிக் கை விடாமல் கிண்ட வேண்டும். கூழ் வெந்ததா என்று அம்மா கரண்டியால் பார்ப்பதில்லை. கையைத் தண்ணீரில் நனைத்து, நடுவிரலால் கூழின் மேல் ஒரு தொடு தொட்டு எடுப்பார். விரலில் ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. வெந்த கூழின் மேல் ஒரு பளபளப்பு வரும், அடுப்படி லைட் அதில் தெரியும். நான் தொட்டால் இன்னும் சுட்டுக்கொள்வேன். அம்மாவுக்குச் சுடுவதில்லை.

ஆறரைக்குள் மாடியில் இருக்க வேண்டும். எட்டு மணிக்கு மேல் தரையில் கால் வைக்க முடியாது. அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டி, நாலு மூலைக்கும் நாலு செங்கல். அப்பா போய் ஒன்பது வருஷமாகிறது. வேட்டி துவைத்துத் துவைத்து மல்லிகைப் பூவாகிவிட்டது. வத்தலுக்கு அதைவிட நல்ல துணி கிடையாது என்று அம்மா அதை மட்டும் எதற்கும் கிழிக்க விட மாட்டார். கரண்டியால் மொண்டு, வட்டமாகத் தேய்க்காமல், தானாகப் பரவுகிற மாதிரி விடுவார். வரிசை பிசகாது. காக்காய் வராமல் இருக்க ஓரத்தில் கறுப்புக் குடையை விரித்து வைத்துவிட்டு இறங்கிவிடுவோம்.

பதினொரு மணிக்கு நான் ஒரு தடவை எட்டிப் பார்ப்பேன். மேல்பக்கம் தோல் கட்டி, உள்ளே இன்னும் கூழாக இருக்கும். இந்தப் பதத்தில் தின்பதற்கு நான் இப்போதும் ஏங்குகிறேன். தம்பி பிள்ளைகளையும் பழக்கிவிட்டேன். உரித்தால் பாதி துணியோடு போய்விடும், மீதி வாயில். காரமும் உப்பும் வெதுவெதுப்பும் சேர்ந்து, மெல்லவும் வேண்டாம் விழுங்கவும் வேண்டாம், தானே கரையும். நாங்கள் மூன்று பேரும் குனிந்து உட்கார்ந்து ஒரு வரிசையையே காலி பண்ணிக்கொண்டிருந்தபோது அம்மா படியேறி வந்துவிட்டார்.

"வெயில் அதுபாட்டுக்கு வேல பாத்துக்கிட்டு இருக்கு. நீங்க ஏன் போயித் தொந்தரவு பண்ணுறீக?"

சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, இரண்டு கையாலும் துணியை இழுத்தால் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். அதை மொறத்தில் பரப்பி மறுபடி இரண்டு நாள் காய வேண்டும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க அம்மாவிடம் இருப்பதும் காதுதான். மொறத்தைக் குலுக்குவார். கலகலவென்று சில்லறை மாதிரிக் கேட்டால் டப்பாவில் போடலாம். ஐப்பசி மழையில் மின்சாரம் போன ராத்திரி, ரசத்துக்கு இந்த வத்தலைப் பொரித்துக் கடிக்கும்போது, சித்திரை வெயில் அதற்குள் அப்படியே இருக்கும்.

மாவடுவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அம்மா கோபித்துக்கொள்வார். அழகர்கோவில் மலைப்பக்கத்து வடு மாசி, பங்குனியில் வரும். காம்போடு இருக்க வேண்டும், உருண்டு சின்னதாக. விளக்கெண்ணெய் புரட்டி, கல்லுப்பு, மஞ்சள், கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி. ஜாடியைத் தினம் ஒரு குலுக்கு. வடு சுருங்கச் சுருங்கத் தண்ணீர் விடும். கத்திரி தொடங்குகிற நேரத்தில் சரியாகப் பழையசோற்றுக்குத் தயாராகிவிடும். பழையசோறும் மோரும் சின்ன வெங்காயமும் மாவடுவும் இருக்கிற காலை நேரத்தில் எனக்கு இட்லி நினைவே வருவதில்லை.

கத்திரி என்றால் பஞ்சாங்கப்படி சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை. இங்கிலீஷ் தேதிக்கு மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். அந்த நாட்களில்தான் எங்கள் தெருமுனைக்கு நுங்கு வரும். சாயல்குடிப் பக்கத்தில் இருந்து கொண்டுவருகிற ஒரு தம்பி, சைக்கிள் கேரியரில் குலைகளைக் கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் இறங்கிவிடுவார். அரிவாளால் ஒரே சீவில் தலையை எடுத்தால் மூன்று கண் தெரியும். அவர் கேட்கிற முதல் கேள்வி, "இளசாக்கா, நடுத்தரமாக்கா?" நான் எப்போதும் இளசு. கட்டைவிரலை உள்ளே விட்டு ஒரு நெம்பு, ஒரு உறிஞ்சு. கண்ணுக்குள் இருக்கிற அந்த ஒரு மடக்குத் தண்ணீர் சிந்தாமல் வாய்க்குள் போக வேண்டும், அதில்தான் திறமை. தோலை உரித்துவிட்டுத் தின்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனது கேட்காது. அந்தத் துவர்ப்போடு தின்றால்தான் வயிற்றுக்கு நல்லது என்று அப்பத்தா சொல்வார். தோலை வீணாக்காமல் பிள்ளைகள் முதுகில் வேர்க்குரு மேல் தேய்த்துவிடுவேன். கூச்சல் போடுவார்கள், பிறகு "இன்னொரு தடவ அத்தை" என்பார்கள்.

தின்று முடித்த நுங்குக் கூட்டில் இரண்டு எடுத்து, நடுவில் ஒரு குச்சியைச் செருகி, கவட்டைக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி. என் தம்பி மகன் முதல் நாள் அதைக் கொஞ்சம் அலட்சியமாகத்தான் பார்த்தான். மூன்றாம் நாள் தெருப் பையன்கள் ஆறு பேரோடு ரேஸ். செல்போன் சார்ஜ் இல்லாமல் மேஜையில் கிடந்தது, சாயங்காலம் வரை அவன் தேடவே இல்லை.

காலையில் அதே நுங்குத் தம்பி சில நாள் பதநீரும் கொண்டுவருவார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டுவதால்தான் அது புளிக்காமல் இனிப்பாக இருக்கிறது. ஒன்பது மணிக்குள் குடித்துவிட வேண்டும். பனையோலையைப் பட்டையாக மடித்து அதில் ஊற்றி, நுங்கை நசுக்கிப் போட்டுத் தருவார். பட்டையின் பச்சை வாசனையும் பதநீரும் சேர்ந்ததுதான் ருசி. டம்ளரில் ஊற்றிக் குடித்தால் பாதி ருசி போய்விடும்.

ஜிகர்தண்டாவுக்கு விளக்குத்தூண் பக்கம் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனேன். அதைவிடப் பிள்ளைகளுக்குப் பிடித்தது, வீட்டில் ராத்திரி ஒரு ஸ்பூன் பாதாம் பிசினைத் தண்ணீரில் போட்டு வைத்ததுதான். கல் மாதிரி இருந்தது காலையில் ஒரு கிண்ணம் நிறைய உப்பி, பனிக்கட்டி மாதிரி மின்னியது. "யாரு அத்தை மாத்தி வச்சா?" என்று சின்னவள் வீடெல்லாம் கேட்டுக்கொண்டு போனாள்.

வெயிலைப் புகழ்ந்து இவ்வளவு சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. இதெல்லாம் நிழலுக்குத் திரும்பிப் போக முடிகிறவர்களுடைய சுகம். எங்கள் தெருவில் வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கிறவர், சுற்றிலும் வெயில், கையில் கங்குப் பெட்டி என்று நாள் பூராவும் நிற்கிறார். ரோடு போடுகிறவர்கள், கட்டடத்தில் சித்தாள் வேலை செய்கிற பெண்கள், காலையில் குப்பை அள்ளிவிட்டு மதியம்வரை வண்டி தள்ளுகிறவர்கள், இவர்களிடம் போய் வெயில் அழகு என்று நான் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கும் இந்த வயதில் மதியம் இரண்டு முதல் நாலரை வரை ஏ.சி. போட்டுவிடுகிறேன். அதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. வயதானவர்கள் உடம்பு வெப்பத்தைத் தாங்காது, தாகமும் சரியாகத் தெரியாது. யார் வீட்டிலாவது பெரியவர்கள் இருந்தால் கேட்காமலே தண்ணீர் கொடுங்கள்.

அதனால்தான் வருஷா வருஷம் நான் வாங்குவது இரண்டு பானை. இரண்டாவது வாசலில், கேட்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில். சங்கிலி போட்டுக் கட்டிய டம்ளர் கிடையாது. சும்மா வைத்திருக்கிறேன். இதுவரை ஒரு டம்ளர்கூடத் தொலைந்ததில்லை. இஸ்திரிக்காரர்தான் அதற்குக் காவல். காலையில் கழுவி நிரப்புவதும் சில நாள் அவரே. கூரியர் கொண்டுவருகிற பையன்கள் வண்டியை நிறுத்தாமலே ஒரு காலைத் தரையில் ஊன்றி, இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போவதை ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஊரே சேர்ந்து தண்ணீர் கொடுக்கிற நாளும் எங்களுக்கு உண்டு. அழகர் மலையில் இருந்து இறங்கி ஆற்றுக்கு வருவது எங்கள் ரோடு வழியாகத்தான். மூன்றுமாவடியில் ஊர் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை முடிந்து புதூருக்குள் நுழைகிறபோது வெயில் ஏற ஆரம்பித்திருக்கும். வழி நெடுக மண்டகப்படி, வழி நெடுக நீர்மோர்ப் பந்தல். எங்கள் தெருப் பந்தலுக்குப் போன தடவை முப்பது லிட்டர் தயிர். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி எல்லாம் தெருப் பெண்கள் முந்தின ராத்திரியே இடித்து வைத்துவிடுவோம். இன்னொரு அண்டாவில் பானக்கம்: வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை. "வாங்கய்யா, குடிங்கய்யா, இன்னொண்ணு வாங்கிக்கங்க தாயி" என்று தொண்டை கட்டுகிற வரை கூப்பிட வேண்டும். கூப்பிடுகிறவர்களுக்குத் தாகமே தெரியாது.

அந்தக் கூட்டத்தில் தோப்பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் வருவார்கள். ஆட்டுத்தோலில் செய்த பை, முனையில் சின்னக் குழாய். அழகருக்கு வெயில் தாங்காது, அவர் மேனி குளிர வேண்டும் என்று விரதம் இருந்து வருகிறவர்கள் அவர்கள். சாமிக்கே வியர்க்கும் என்று நினைத்து ஓடி வருகிற ஊர் இது. அந்தச் சாரல் என் முகத்திலும் படும். படுகிற வரைக்கும் நான் நகர மாட்டேன். 2020, 2021 இரண்டு வருஷமும் அழகர் ஆற்றுக்கு வரவில்லை. அந்தச் சித்திரைகளில் வெயில் இருந்தது, தெரு இருந்தது, பந்தல் இல்லை. அம்மா வாசலில் ஒரு சொம்பு பானக்கத்தை மட்டும் கரைத்து வைத்துவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் ஐந்தரைக்கு மாடிக்குத் தண்ணீர் தெளிப்பது என் வீட்டுக்காரர் வேலை. முதல் வாளித் தண்ணீர் தரையில் தங்கவே தங்காது. 'சுர்'ரென்று இழுத்துக்கொண்டு, சூடான மூச்சை முகத்தில் விடும். இரண்டாவது வாளி கொஞ்ச நேரம் கறுப்பாக நிற்கும். மூன்றாவது வாளிக்கு அப்புறம்தான் வெறுங்காலை வைக்கலாம். ஏழரைக்குக் கோரைப்பாயை விரித்தால், தரையில் இருந்து இளஞ்சூடு முதுகுக்கு வரும், மேலே காற்று குளிர்ந்திருக்கும். ஒத்தடம் கொடுக்கிற மாதிரி இருக்கும். நாள் முழுக்கக் கரும்பலகைப் பக்கம் நின்ற இடுப்புக்கு இதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியாது.

மல்லிகைக்கும் இதுதான் காலம். மார்கழி, தைப் பனியில் மொட்டு குறைந்து, மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் கிலோ ஆயிரக்கணக்கில் போகிற அதே மதுரை மல்லி, வெயில் ஏற ஏறக் குவிந்துவிடும். விலை சில நூறுக்கு இறங்கும். வாங்குகிற நமக்குச் சந்தோஷம், விவசாயிக்கு அப்படி இல்லை. அதனால் கோடையில் நான் பூவுக்குப் பேரம் பேசுவதில்லை. மதியம் மொட்டாக வாங்கி, ஈரத்துணியில் சுற்றிப் பானைப் பக்கத்தில் வைத்துவிடுவேன். இருட்டின பிறகு மாடியில் அம்மா அதைத் தொடுப்பார். தொடுக்க ஆரம்பிக்கிறபோது மொட்டு, முடிக்கிறபோது பாதி மலர்ந்திருக்கும். கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, வாசனை திறந்துகொள்வது தெரியும்.

மே மாதம் ஒரு ராத்திரி ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. தெரு முழுக்க இருட்டு. பிள்ளைகள் முதலில் 'ஐயோ' என்றார்கள். நான் வடக்கே சப்தரிஷி மண்டலத்தைக் காட்டினேன். வாலில் நடு நட்சத்திரம் வசிஷ்டர், அதை ஒட்டி மங்கலாக அருந்ததி. சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது, பெரியவனுக்கு ரொம்ப நேரம் தெரியவில்லை. வாலின் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் செம்மஞ்சளாகச் சுவாதி, இன்னும் நீட்டினால் வெள்ளையாகச் சித்திரை. நாம் இருக்கிற மாதத்துக்கே பேர் கொடுத்த நட்சத்திரம் அதுதான் என்றேன். பிறகு தெற்கே திருப்பி உட்கார வைத்து, கையை நீட்டி முஷ்டி பிடிக்கச் சொன்னேன். வீடுகளின் விளிம்பில் இருந்து இரண்டு முஷ்டி உயரத்தில் நாலு நட்சத்திரம், சின்னச் சிலுவை மாதிரி. திரிசங்கு. மழைக்காலத்து முன்னிரவில் அது இந்த வானத்தில் இல்லை. கோடை முன்னிரவில்தான் அது மதுரைக்கு நேர் தெற்கே நிமிர்ந்து நிற்கும். கரண்ட் வந்ததும் பெரியவன், "மெயினை ஆஃப் பண்ணிட்டு வரட்டுமா அத்தை?" என்றான். பண்ணிவிட்டு வந்தான், ஆனால் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அதற்கு நாலு நாள் கழித்து மழை வந்தது. கத்திரி நடுவில், ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். முதலில் காற்று மாறியது. பாய் ஓரம் படபடத்தது. எங்கோ தூரத்தில் மண் நனைகிற வாசனை, மழைக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தது. பிறகு நெற்றியில் ஒன்று, புறங்கையில் ஒன்று. பெரிய பெரிய சொட்டுகள், வெதுவெதுப்பாக. தலையணையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும் என்று தெரிகிறது, யாருக்கும் மனசு வரவில்லை. தம்பி மகன் மல்லாந்து படுத்தபடியே வாயைத் திறந்து வைத்துக்கொண்டான். சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மாதான் முதலில் எழுந்தார். ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சுவரோரம் வைத்திருந்த மொறத்தை எடுத்து, முந்தானையால் வத்தலை மூடினார். எங்களைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. படி வரை போனவர் திரும்பி, "பாய் நனஞ்சாப் பரவால்ல, நாளைக்கு வெயில் காய வச்சிரும்" என்றுவிட்டு, மொறத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.